மாவுப்பூச்சி போன கதை: ஆராய்ச்சி என்ன செய்தது என்று கேட்டவருக்கு

"நிலையான வளர்ச்சி என்று எல்லா மேடையிலும் பேசுகிறார்களே, அதில் தொழில்நுட்பமும் பல்கலைக்கழக ஆராய்ச்சியும் நிஜமாகவே என்ன கிழித்திருக்கின்றன, கட்டுரை போட்டுப் பதவி உயர்வு வாங்கியதைத் தவிர?" என்று வேளாண்மை கடைசி வருடம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கூடவே ஒரு துணைக்கேள்வி: ப்ராஜெக்டுக்கு ட்ரோன் எடுக்கலாமா, செயற்கை நுண்ணறிவு எடுக்கலாமா?

நக்கல் நியாயமானதுதான் தம்பி. நானும் பூச்சியியல் படித்துவிட்டுக் கொங்குப் பக்கம் வயல் வயலாகச் சுற்றுகிற ஆள், அலமாரியில் தூங்குகிற ஆய்வேடுகளை நிறையவே பார்த்திருக்கிறேன். 1987ல் ஐ.நா. ஆணையம் தந்த வரையறை, 2015ல் அறிவித்த 17 இலக்குகள், இதெல்லாம் உங்கள் பாடத்திலேயே இருக்கும், விட்டுவிடுவோம். பொதுவாகப் பேசினால் இந்தக் கேள்விக்கு யாரும் எந்தப் பதிலும் சொல்லிவிடலாம். அதனால் ஒரே ஒரு பூச்சியை எடுத்துக்கொள்கிறேன், அதை விடாமல் பிடித்துக்கொண்டே போவோம்.

2009, 2010 வாக்கில் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். பப்பாளி மரம் முழுக்கப் பஞ்சை ஒட்டி வைத்தது போல வெள்ளை வெள்ளையாக இருக்கும். காயைத் தொட்டால் கை பிசுபிசுக்கும். பூச்சி கழிக்கிற இனிப்பு நீர் இலைமேல் வழிந்து, அதில் கரும்பூசணம் படர்ந்து, கீழ் இலையெல்லாம் கரி பூசினது போல நிற்கும். பப்பாளியோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி, கொய்யா, ரோட்டோரப் பார்த்தீனியம் வரை எதையும் விடவில்லை. பப்பாளி மாவுப்பூச்சி என்று பெயர், ஆனால் பப்பாளி அதற்கு ஒரு முகவரி மட்டும்தான்.

கோபி பக்கம் என் பெரியம்மா வீட்டில் ஒன்றரை ஏக்கர் மல்பெரி. இருபத்தைந்து, இருபத்தெட்டு நாளில் ஒரு பட்டுப்புழு வளர்ப்பு முடிந்து கூடு எடுத்துவிடுவார்கள், வீட்டுக்கு மாதச் சம்பளம் மாதிரி அதுதான். அந்த வருடம் தோட்டத்துக்குப் போனபோது பெரியப்பா ஒரு மல்பெரிக் குச்சியை ஒடித்துக் கையில் கொடுத்தார். நுனி சுருண்டு, வெள்ளையாகக் கட்டி பிடித்திருந்தது. "மருந்து அடிச்சா புழு சாகுது, அடிக்காட்டி எலை சாகுது, என்ன பண்றதுன்னு நீயே சொல்லு, நீதான் பூச்சிக்குப் படிச்சவன்" என்றார். எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மல்பெரியில் மருந்து அடித்தால் நாள் கணக்கில் இலை பறிக்க முடியாது, வளர்ப்பு மனையில் இருக்கிற புழுவோ நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்கும். அந்த வட்டாரத்தில் பலர் மல்பெரியையே பிடுங்கிப் போட்டார்கள்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் பப்பாளிக்கு வாரம் ஒரு முறை அடித்தார். உரக்கடையில் போன வாரம் கொடுத்ததைவிட இந்த வாரம் ஒரு படி விலை கூடின டப்பா. ஏன் கேட்கவில்லை என்றால், இந்தப் பூச்சி உடம்பு முழுக்க மெழுகுப் பொடி பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், முட்டையைப் பஞ்சுப் பை ஒன்றுக்குள் வைக்கும். தெளிக்கிற தண்ணீர் மேலேயே முத்து முத்தாக உருண்டு விழுந்துவிடும். சோப்புக் கரைசல் சேர்த்து அடித்தால் கொஞ்சம் ஒட்டும், ஆனால் இலை மடிப்பிலும் காய் இடுக்கிலும் இருப்பது தப்பிவிடும். அதற்குள் எறும்பு இனிப்பு நீருக்காக அதைக் காவல் காக்கும். மருந்தில் முதலில் செத்தது பொறிவண்டும், மாவுப்பூச்சியைத் தின்கிற ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழுவும்தான். (அந்த வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஒருமுறை பாருங்கள், குரங்கு முகம் அச்சு அசலாக இருக்கும். சம்பந்தமில்லைதான், சொல்லாமல் போக மனமில்லை.)

சரி, இதில் ஆராய்ச்சி எங்கே வந்தது? முதல் வேலை, இது யார் என்று கண்டுபிடிப்பது. மாவுப்பூச்சி வகைகள் வெறுங்கண்ணுக்கு எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். பூச்சியைக் காரத்தில் காய்ச்சி, நிறமேற்றி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, நுண்ணோக்கியில் அதன் உடம்பில் இருக்கிற நுண்துளைகளையும் மயிரையும் எண்ணிப் பார்த்துத்தான் இனம் பிரிப்பார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆர். முனியப்பனும் சகாக்களும், மத்திய அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட இந்தப் பூச்சி இந்தோனேசியாவுக்கும் இந்தியாவுக்கும் வந்துவிட்டதை 2008லேயே அறிவித்தார்கள்; இந்தியாவில் அது முதலில் சிக்கிய இடம் கோயம்புத்தூர். வெறும் பெயர்தானே என்று தோன்றும். பெயர் தெரிந்ததும் ஊர் தெரிந்தது, ஊர் தெரிந்ததும் அந்த ஊரில் இதை அடக்கி வைத்திருப்பது எது என்று தேட முடிந்தது. அங்கே இது பெரிய தொல்லையே இல்லை, ஏனென்றால் அதன் எதிரிகள் அங்கே கூடவே வாழ்கின்றன. இங்கே வந்தபோது எதிரியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டது.

அமெரிக்க வேளாண் துறை புவர்ட்டோ ரிக்கோவில் இதற்கான ஒட்டுண்ணிக் குளவிகளை ஏற்கெனவே வளர்த்து வைத்திருந்தது, ஏனென்றால் கரீபியத் தீவுகளும் ஃபுளோரிடாவும் பசிபிக் தீவுகளும் இந்தத் தொல்லையை நமக்கு முன்பே பட்டுத் தீர்த்திருந்தன. இலங்கை நமக்கு ஒரு வருடம் முந்தி, 2009லேயே வரவழைத்துவிட்டது. நமக்கு 2010 ஜூலையில் மூன்று இனங்கள் வந்தன. பெங்களூரில் இருக்கும், இன்று தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் என்று பெயர் மாறியிருக்கும் நிறுவனம் அவற்றை வாங்கி, அடைத்து வைத்துச் சோதித்தது. வேறு எதையாவது தாக்குமா, பட்டுப்புழுவைத் தொடுமா, நம்மூரில் ஏற்கெனவே இருக்கிற நல்ல பூச்சிகளைக் கெடுக்குமா என்றெல்லாம் பார்த்துவிட்டு, அக்டோபரில் வெளியே விட்டார்கள். மூன்றில் தூள் கிளப்பியது அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவி. குளவி என்றதும் கொட்டுமா என்று கேட்காதீர்கள், ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, மஞ்சளாக ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

இதை வளர்த்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். உருளைக்கிழங்கை இருட்டில் வைத்து முளைக்க விடுவார்கள். அந்த முளைமேல் மாவுப்பூச்சியை ஏற்றுவார்கள், அது பெருகினதும் குளவியை உள்ளே விடுவார்கள். குளவி ஒவ்வொரு குஞ்சு மாவுப்பூச்சிக்குள்ளும் முட்டை வைக்கும், அதன் புழு உள்ளிருந்தே தின்னும், மாவுப்பூச்சி பழுப்பாகி ஊதி இறுகி ஒரு கூடாகிவிடும். ரெண்டு வாரத்தில் அதில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் அதன் ஆராய்ச்சி நிலையங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் இப்படி வளர்த்துக் குப்பியில் போட்டு விவசாயிக்குக் கொடுத்தன. மத்தியானம் காத்திருந்து, வெயில் தாழ்ந்ததும் இலைக்குக் கீழே குப்பியைத் திறந்து வைத்தால் வேலை முடிந்தது. உண்மையில் அதைவிடக் கஷ்டம், "இனிமேல் தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள்" என்று ஊரை ஒப்புக்கொள்ள வைத்ததுதான்.

சில மாதங்களில் பூச்சி அடங்கிவிட்டது. அழியவில்லை, அடங்கிவிட்டது, இன்றும் தேடினால் வேலியோரத்தில் கிடைக்கும், கூடவே குளவியும் கிடைக்கும். அடுத்த வருடம் யாரும் குளவி வாங்கி விட வேண்டியிருக்கவில்லை, அதுவே தன்னைப் பார்த்துக்கொண்டது. வர்ஜீனியா டெக்கும் நம் வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2014ல் வெளியிட்ட கணக்கில், இதனால் முதல் ஐந்து வருடத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த பலன் 52 கோடி டாலரிலிருந்து 134 கோடி டாலர் வரை என்று வந்தது. நீங்கள் கேட்ட "நிலையான" என்ற சொல்லுக்கு இதைவிடக் கையில் பிடித்துக் காட்டுகிற அர்த்தம் எனக்குத் தெரியாது.

இந்த வித்தை 2010ல் புதிதாகப் பிறந்ததில்லை. இதன் பெரிய கதை ஆப்பிரிக்காவில் நடந்தது, ஆராய்ச்சி என்றால் என்ன என்று எனக்குப் புரிய வைத்ததும் அதுதான். மரவள்ளி தென்னமெரிக்கப் பயிர், போர்த்துகீசியர்கள் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள், மழை பொய்த்தாலும் மண்ணுக்குள் கிழங்கு இருக்கும் என்பதால் அங்கே 20 கோடிப் பேருக்கு அதுவே சோறு. 1970களின் தொடக்கத்தில் காங்கோ பக்கம் ஒரு மாவுப்பூச்சி தோன்றியது. பத்து, பதினைந்து வருடத்தில் கண்டத்தின் மரவள்ளிப் பகுதி முழுக்கப் பரவி, சில இடங்களில் விளைச்சலில் 80 சதவீதம் வரை போனது. இதில் பெண் மட்டும்தான் உண்டு, ஆணே இல்லாமல் ஒன்று நூறாகும். ஆக ஒரே ஒரு பூச்சி ஒரு குச்சியில் ஒட்டிக்கொண்டு வந்தாலே போதும்.

மருந்து வாங்க அங்கே யாரிடம் காசு? எதிரியைத் தேடித் தென்னமெரிக்கா போனார்கள். வடக்குப் பகுதியில், கயானா, கொலம்பியா பக்கம் மரவள்ளியில் மாவுப்பூச்சி கிடைத்தது, அதன் ஒட்டுண்ணியும் கிடைத்தது. கொண்டுவந்து பார்த்தால் ஆப்பிரிக்கப் பூச்சிமேல் அது பெருகவே இல்லை. ஏன்? அந்தப் பூச்சியில் ஆண் உண்டு. இரண்டும் வேறு வேறு இனம்! 1981ல் இரண்டு வகைப்பாட்டியலாளர்கள் அதைத் தனி இனமென்று பிரித்து, இந்தத் தேடலை நடத்திய சுவிஸ் பூச்சியியலாளர் ஹான்ஸ் ஹெரனின் பெயரையே அதற்கு வைத்தார்கள். வருடக்கணக்கான உழைப்பு ஒரு தப்பான அடையாளத்தில் வீணாகியிருக்கிறது, நுண்ணோக்கியில் மயிர் எண்ணுகிறவர் இல்லாவிட்டால் இன்னும் வீணாகியிருக்கும்.

அதே 1981ல் கொலம்பியாவில் இருந்த சர்வதேச வெப்பமண்டல வேளாண் மையத்தைச் சேர்ந்த ஆன்டனி பெல்லோட்டி சரியான பூச்சியைப் பராகுவேயில் கண்டுபிடித்தார். அதன் குளவி, அனகைரஸ் லோபெசி என்று இப்போது பெயர், லண்டனில் அடைத்துச் சோதிக்கப்பட்டு நைஜீரியாவின் இபாதானுக்குப் போய், அந்த வருடக் கடைசியிலேயே வயலில் விடப்பட்டது. பிறகு சுமார் 30 நாடுகள். ரோடு இல்லாத இடங்களில் விமானத்திலிருந்துகூடக் குளவியைத் தூவினார்கள். 1988ல் ரிச்சர்ட் நார்கார்ட் என்ற பொருளாதார அறிஞர் கணக்குப் போட்டதில் செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் 149 டாலர் பலன் என்று வந்தது. ஹெரனுக்கு 1995ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள்.

இப்போது நம்மூருக்குத் திரும்புவோம். 2020 ஏப்ரலில், நாம் எல்லாம் ஊரடங்கில் இருந்தபோது, அதே மரவள்ளி மாவுப்பூச்சி திருச்சூரில் தென்பட்டது. அப்புறம் சேலம், நாமக்கல், தருமபுரி. குச்சிக்கிழங்கு (மரவள்ளிதான்) அங்கே சாதாரணப் பயிரில்லை, ஜவ்வரிசி ஆலைகள் எல்லாம் அதை நம்பித்தான் ஓடுகின்றன. நுனி இலையெல்லாம் முட்டைக்கோஸ் மாதிரிச் சுருண்டு கட்டிக்கொள்ளும், கணு நீளாமல் குட்டையாகி நிற்கும். இந்தத் தடவை யாரும் பராகுவே போக வேண்டியிருக்கவில்லை. ஆப்பிரிக்காவில் 40 வருடமாக உயிரோடு காப்பாற்றி வைத்திருந்த அதே குளவி வம்சத்தை, மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினில் இருக்கும் சர்வதேச ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பெங்களூர்ப் பணியகம் 2021ல் வரவழைத்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் இருக்கும் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியே விட்டார்கள். யாரோ ஒருவர் இபாதானில் 1980களில் குறித்து வைத்த வெப்பநிலையும் தீவனமும் ஏத்தாப்பூரில் உதவியிருக்கும். அலமாரியில் தூங்குகிற கட்டுரை சில சமயம் இப்படித்தான் எழுந்து வரும், எப்போது எழும் என்று எழுதினவருக்கே தெரியாது.

அப்படியானால் தொழில்நுட்பம்? இதுவரை சொன்னதில் பளபளப்பான கருவி ஒன்றுமே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். உருளைக்கிழங்கு, கண்ணாடிக் குப்பி, நுண்ணோக்கி, விமானச் சரக்குப் பெட்டி. அதற்காகத் தொழில்நுட்பம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இன்று மாவுப்பூச்சியின் காலைக் கிள்ளி மரபணுவைப் படித்தே இனத்தைச் சொல்லிவிடலாம், 1970களில் அது இருந்திருந்தால் கயானாவில் வருடங்கள் போயிருக்காது. மரவள்ளி நோய்களைப் போன் கேமராவிலேயே, நெட் இல்லாமலேயே கண்டுபிடிக்கிற நூரு என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலியைப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் செய்திருக்கிறார்கள், ஆப்பிரிக்க விவசாயிக்கு உபயோகமான பொருள்தான். ஆனால் செயலி "இது இன்ன நோய்" என்று சொன்ன பிறகு என்ன செய்வது? அந்த இரண்டாவது பாதிக்கு ஆள் இல்லையென்றால் போன் விவசாயியை நேராக மருந்துக்கடைக்குத்தான் அனுப்பும். 2018ல் கர்நாடகத்தின் சிவமொக்காவில் மக்காச்சோளப் படைப்புழு வந்தபோது அதைத்தான் பார்த்தோம்: பூச்சியை அடையாளம் கண்டது வேகமாக நடந்தது, அடுத்த வாரமே எல்லோரும் தெளிப்பானைத் தோளில் மாட்டிவிட்டார்கள். ட்ரோன் அதே மருந்தை இன்னும் சீக்கிரமாக அடிக்கும், ஆள் உடம்பில் படாது, அது நல்லதுதான். அடிக்க வேண்டுமா என்ற கேள்வியை அது கேட்காது.

எல்லாக் கதையும் இப்படி இனிப்பாக முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1872ல் நம்மூர்க் கீரியைக் கல்கத்தாவிலிருந்து ஜமைக்காவுக்குக் கொண்டுபோனார்கள், கரும்புத் தோட்டத்து எலியைப் பிடிக்க. அங்கிருந்து 1883ல் ஹவாய். எலி ராத்திரியில் சுற்றும், கீரி பகலில் சுற்றும். கீரி பறவை முட்டையைத் தின்று கொழுத்தது. 1935ல் ஆஸ்திரேலியாவில் கரும்பு வண்டுக்காக இறக்கிய தேரை இன்றைக்கும் அங்கே தலைவலி. இவையெல்லாம் தோட்ட முதலாளிகளும் அந்தக் காலத்து நிலையங்களும் சோதிக்காமல், எதையும் தின்னும் பிராணியைக் கொண்டுவந்ததன் விளைவு. ஒரே ஒரு பூச்சியை மட்டும் தின்னும் குளவியைத் தேடி, அதை அடைத்து வைத்துச் சோதிக்கிற பொறுமை பிறகுதான் வந்தது.

பொள்ளாச்சிக்காரர்கள் இதைப் படித்தால், "அப்ப எங்க தென்னை வெள்ளை ஈக்கு என்ன?" என்று கேட்பார்கள். 2016ல் வந்த சுருள் வெள்ளை ஈக்கு என்கார்சியா என்ற ஒட்டுண்ணி தானாகவே கூட வந்து சேர்ந்தது, அதைக் காப்பாற்றினால் போதும், மருந்து அடிக்காதீர்கள் என்பதுதான் விஞ்ஞானிகள் சொன்னது. ஓரளவு கட்டுப்படுகிறது, வெயில் காலத்தில் மறுபடி ஏறுகிறது, அதற்குள் வேறு வெள்ளை ஈ இனங்களும் சேர்ந்துகொண்டன. அசெரோபேகஸ் மாதிரி ஒரே அடியில் முடியவில்லை. இன்னொரு சிக்கல், 2014ல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை என்ற சர்வதேச ஒப்பந்தம். ஒரு நாட்டின் உயிரினத்தை எடுத்தால் பலனைப் பகிர வேண்டும் என்பது நியாயமான சட்டம்தான், மருந்துக் கம்பெனிகளை மனதில் வைத்து எழுதினது. ஆனால் யாரும் காசு பார்க்காத ஒரு குளவியை இலவசமாக அனுப்பவும் அதே காகிதக் கட்டு வேண்டியிருக்கிறது என்று பூச்சியியலாளர்கள் புலம்புகிறார்கள்.

காசு என்றதும் நினைவு வருகிறது. போன தீபாவளிக்குப் பெரியப்பாவைப் பார்த்தபோது, "அந்த மாவுப்பூச்சி எப்படிங்க பெரியப்பா போச்சு?" என்று கேட்டேன். "அது தானா போயிருச்சு சாமி, அந்த வருசம் நல்ல மழை" என்றார். குப்பியை அவர் கையில் கொடுத்ததே நான்தான்! கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. வாரா வாரம் வாங்கின டப்பாவின் பெயர் அவருக்கு இன்னும் மனப்பாடம், ஏனென்றால் அதற்கு விலை இருந்தது, சுவரில் விளம்பரம் இருந்தது, கடைக்காரர் இருந்தார். குளவிக்கு விற்பவரும் இல்லை, அடுத்த வருட விற்பனையும் இல்லை. அதனால்தான் எந்தத் தனியார் கம்பெனியும் இதில் பணம் போடாது, பல்கலைக்கழகமும் அரசும்தான் போட்டாக வேண்டும். போட்டதன் பலன் கண்ணுக்குத் தெரியாததால் அவர்களும் அடுத்த பட்ஜெட்டில் முதலில் வெட்டுவது இதைத்தான். மாவுப்பூச்சி இனம் பிரிக்கத் தெரிந்தவர்கள் நாட்டில் எத்தனை பேர் என்று உங்கள் பேராசிரியரிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு கை விரலை மடக்கி எண்ணத் தொடங்குவார்.

கடைசியாக உங்கள் ப்ராஜெக்ட். ட்ரோனை விடுங்கள், அதற்குக் கம்பெனிகள் இருக்கின்றன. உங்கள் கல்லூரியைச் சுற்றி மூன்று மரவள்ளி வயல் பிடியுங்கள்: ஒன்று மருந்தே அடிக்காதது, ஒன்று எப்போதாவது அடிப்பது, ஒன்று வாரா வாரம் அடிப்பது. ஒவ்வொன்றிலும் பத்துச் செடிக்கு ரிப்பன் கட்டி, வாரம் ஒரு நாள் காலையில் போய், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்து நுனிக் கொத்தில் உயிருள்ள மாவுப்பூச்சி எத்தனை, பழுப்பாக இறுகின கூடு எத்தனை என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். ஆறு மாதம் விடாமல் எழுதினால் ஏத்தாப்பூர்க் குளவி உங்கள் ஊர் வரை வந்திருக்கிறதா, மருந்து அதை என்ன செய்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும், எனக்குத் தெரிந்து அதை இங்கே யாரும் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கவில்லை. பழுப்புக் கூடுகளை மட்டும் கொஞ்சம் குப்பியில் போட்டு வையுங்கள். பஞ்சு அடைத்தால் போதும், ரப்பர் மூடி போடாதீர்கள், உள்ளே வேர்த்துக் குளவி ஒட்டிக்கொண்டு செத்துவிடும்.